ஐம்பத்தேழு கிராம்

நவம்பர் 9, ஞாயிறு

புது நோட்டு. பழைய நாட்குறிப்பு பெங்களூரில் இருக்கிறது. வசந்தாமணியின் பெட்டியில் துணியோடு துணியாகத் தவறிப் போய்விட்டது. மகன் பிரதீப்பின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனவள், இரண்டு மாதம் என்று சொல்லித்தான் போனாள். ஒன்பதாவது மாதம் நடக்கிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நாள் போவதே தெரியாது, அதனால் இருக்கும்.

ஜனவரி 24, 25 இரண்டு இரவுக்கும் கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூடாரம் போட இடம் சொல்லிவைத்துவிட்டேன். இரண்டு பேருக்கு. தோட்டத்து கேட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் நடை. சாமான் அத்தனையும் முதுகில்தான் போக வேண்டும். போனில் வசந்தாவிடம் சொன்னேன். "பாக்கலாங்க" என்றாள். அதற்குள் குழந்தை அழுதது, வைத்துவிட்டாள்.

மலை மேல் ஒரு ராத்திரி என்பது அவள் கேட்டதுதான். எனக்குத் தெரிந்து கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். "சமைக்காம, கூட்டிப் பெருக்காம, ஒரு நாளு மலையில படுத்தெந்திரிக்கோணுங்க" என்றாள். ரிட்டயர் ஆனதும் போகலாம் என்றேன். ஆன பிறகு ஒரு வருஷம், எந்தக் கூடாரம் நல்லது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் பதினோரு வகை கிடைக்கிறது. பதினொன்றிலும் குறை. முப்பத்தோரு வருஷம் நூல் மில்லில் தரம் பார்க்கும் லேபில் உட்கார்ந்தவன் கண்ணுக்குக் குறை தெரியாமல் போகுமா?

இப்போது ஒன்றை எடுத்தாகிவிட்டது. இருவர் கூடாரம். அட்டையில் போட்டிருப்பது 2.2 கிலோ, என் தராசில் 2.64. தரையில் அடிக்கும் முளைகளையும் பையையும் சேர்க்காமல் எடை எழுதுகிறார்கள், எமகாதகர்கள். மொட்டை மாடியில் தனியாளாக நிமிர்த்த 23 நிமிடம் ஆனது. மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தால் பத்து நிமிட வேலை. 10க்கு 6. இன்று அதில்தான் படுக்கை.

நவம்பர் 10, திங்கள்

விடிந்து பார்த்தால் உள்பக்கம் முழுக்க ஈரம். தொட்டால் விரலில் வழிகிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தரையிலிருந்து கசிகிறது என்று தீர்மானித்து, கூடாரத்தைச் சுருட்டி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

கடை ஹபீபுடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும், இருபது வருஷமாக ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகிறவர். நான் கத்தி முடிக்கும்வரை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சிகாமணி சார், அது மழையும் இல்லீங்க, கசிவும் இல்லீங்க. அது நீங்கதான்."

"என்னங்க சொல்றீங்க?"

"உங்க மூச்சு சார். ராத்திரி பூரா விட்ட மூச்சு வெளிய போக வழியில்லாம செவுத்துல தங்கிடும். மேல ஜன்னல் மாதிரி ஒண்ணு இருக்குதுல்ல, அதத் தொறந்து வெச்சுப் படுங்க, கொறயும். காலைல ஒரு துணி போட்டுத் தொடச்சு விடுங்க."

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மானம் போயிற்று. இருந்தாலும் ஒரு மனிதன் தூங்கும்போது இவ்வளவு தண்ணீர் விடுகிறான் என்பது எனக்கு இத்தனை வயதில் தெரியாது.

நவம்பர் 11, செவ்வாய்

ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தேன். துடைத்த துணியை நிறுத்தேன். காய்ந்த துணி 62 கிராம். துடைத்த பிறகு 116. ஆக 54 கிராம்.

ஒரு நாள் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மில்லில் நூல் சுற்றிய கோன் முப்பதைச் சோதிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இதையும் முப்பது நாள் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் மாடியில் படுப்பது.

நவம்பர் 14, வெள்ளி

59 கிராம். எதிர் வீட்டு சரோஜினி அம்மாள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, "ஏனுங்க, வீட்டுக்குள்ள எலித் தொல்லைங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்ல யாரால் ஆகும்.

நவம்பர் 23, ஞாயிறு

தூங்கும் பை வாங்கப் போனேன். போர்வையைத் தைத்துப் பையாக்கி ஜிப் வைத்தது போல இருக்கும், உள்ளே நுழைந்து படுக்க வேண்டும். ஒன்றில் 5 டிகிரி என்று எழுதியிருந்தது. கோத்தகிரியில் ஜனவரியில் எட்டு டிகிரி வரும். அப்படியானால் போதுமே என்றேன்.

ஹபீப் சிரித்தார். "அது தூங்கறதுக்குப் போட்ட நம்பர் இல்லீங்க சார். அந்தக் குளிருக்குச் சாகமாட்டீங்கன்னு சொல்ற நம்பர். நிம்மதியாத் தூங்கற நம்பரு உள்பக்கம் பொடி எழுத்துல இருக்கும், பாருங்க." பார்த்தேன். 11 டிகிரி. நல்ல அயோக்கியத்தனம்.

"மேடத்துக்குக் குளுரு தாங்குமா? சில பேருக்குக் கொஞ்சம் கனமாப் பாக்கோணும்" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் படுத்தவளுக்குக் குளிருமா குளிராதா என்று தெரியவில்லை. ஃபேன் வேகத்தை நான்தான் வைப்பேன். அவள் ஒன்றும் சொன்னதாக நினைவில்லை.

கடை வாசலில் நின்றபடியே அவளுக்கு போன் போட்டேன்.

"காலுதாங்க குளுரும்" என்றாள். "சாக்ஸ் போட்டுத்தான படுப்பேன்."

"எப்ப இருந்து?"

"கல்யாணத்துல இருந்துங்க."

இரண்டு பேருக்கும் கனமான பையே எடுத்தேன். ஒவ்வொன்றும் 1.4 கிலோ. கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி. அவளுடைய ஜோடிக்குப் பத்துக்கு எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை, போட்டுப் பார்த்தவள் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 3, புதன்

மழை. மாடி இல்லை. கட்டிலில் படுத்தேன். தூக்கம் இல்லை.

டிசம்பர் 6, சனி

தலையில் மாட்டும் டார்ச் இரண்டு. வெள்ளை வெளிச்சம், சிவப்பு வெளிச்சம் இரண்டும் உண்டு. ஒருவர் எழுந்தால் மற்றவர் தூக்கம் கெடாமல் இருக்கத்தான் சிவப்பு. நன்றாக யோசித்துச் செய்திருக்கிறான். 8. சிவப்பைப் போட்டுப் பார்த்தேன். தூக்கம் கெடுவதற்குத்தான் யாரும் இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

வசந்தாவுக்கு ஷூ. நடக்கும் பாதை கல்லும் வேரும். அவளிடம் இருப்பது ரப்பர் செருப்புகள்தான். அளவு தெரியாது. போன் போட்டால், "எனக்கெதுக்குங்க பூட்ஸு? நான் வாரேன்னு சொல்லவே இல்லியே" என்றாள். குழந்தை அழுதது. அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தாள். கூப்பிடவில்லை.

அவள் விட்டுப்போன பழைய செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். போவதற்கு முன் சாயங்கால வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேய்மானம் பார்த்துப் பழகிய கண். இடது செருப்பு ஒழுங்காகத் தேய்ந்திருக்கிறது. வலது செருப்பு வெளிப்பக்கம் மட்டும் காகிதமாகிவிட்டது. வலது முழங்காலைக் காப்பாற்றிக் காப்பாற்றி நடந்திருக்கிறாள். இப்படித் தேய இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும்தான் கேட்டதில்லை. மாடிப்படியில் மெதுவாக வருகிறாள், காபி ஆறிவிடுகிறது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

நான்கு நாள் ஆறு கடை ஏறி இறங்கி ஒரு ஷூ எடுத்தேன். குதிகாலில் மெத்தை, கணுக்காலுக்கு மேலே பிடிப்பு. முழங்காலுக்கு ஊன்றுகோல் ஜோடி ஒன்று. ஷூவை பார்சலில் பெங்களூருக்கு அனுப்பிவிட்டேன்.

(இதை எழுதுவது 18ஆம் தேதி. பார்த்து எடுக்க நாள் பிடித்தது.)

டிசம்பர் 20, சனி

அடுப்புச் சோதனை. உள்ளங்கையில் அடங்கும் கேஸ் அடுப்பு. அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க 4 நிமிடம் 10 விநாடி. காற்றடித்தால் ஏழு நிமிடம். அடுப்புக்கு 8.

பிறகு அதில் அரிசிம்பருப்புச் சோறு வைத்தேன். மாடிக் காற்றில் தீ அணைந்து அணைந்து, குனிந்து குனிந்து பற்றவைத்து, ஒன்றேகால் மணி நேரம். அடியில் கரி, மேலே அரைவேக்காடு. சாப்பிட்டுவிட்டு 3 என்று எழுதக் கை போனது. எழுதவில்லை. இடுப்பு ஒடிய நின்று செய்தவனுக்கு 3 என்று எழுதினால் எவனாக இருந்தாலும் வயிறு எரியும்.

எழுதியே விடுகிறேன். இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்.

பழைய நாட்குறிப்பு தவறிப் போகவில்லை. அவள்தான் எடுத்துக்கொண்டு போனாள். பிப்ரவரியில் கேஸ் புத்தகத்தைத் தேடும்போது அவள் கையில் கிடைத்தது. ஒவ்வொரு நாளும் கடைசி வரி அவள் சமையல். சாம்பார் 6, புளி தூக்கல். இட்லி 7. ரசம் 5, போன வியாழன் தேவலை. இப்படிப் பதினோரு வருஷம், ஒரே மாதிரி தடித்த நோட்டுகள் பதினொன்று. அவள் எடுத்துப் போனது ஒன்றைத்தான். அவளுடைய அம்மா தவறிய வருஷத்து நோட்டு. காரியம் முடிந்து வந்த மறுநாள் காலை, "காபி 4" என்று எழுதியிருக்கிறேன்.

அவள் மனம் நோக வேண்டும் என்று எழுதவில்லை. வாயால் சொன்னால் நோகும் என்றுதான் நோட்டில் எழுதினேன். அது என் கட்சி. அவள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் பத்துப் போட்டீங்களாங்க?"

"பத்து யாருக்குமே போட்டதில்ல வசந்தா. மில்லுலயும் போட்டதில்ல" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். அடுத்த வாரம் பிரதீப் காரில் வந்து கூட்டிப்போனான்.

டிசம்பர் 21, ஞாயிறு

58 கிராம்.

டிசம்பர் 24, புதன்

வசந்தா தானாகவே கூப்பிட்டாள். இந்த வருஷத்தில் முதல் தடவை. ஷூ வந்துவிட்டதாம். போட்டு அப்பார்ட்மென்டைச் சுற்றி நடந்து பார்த்தாளாம்.

"எப்படி இருக்குது?" என்றேன்.

"ஆறுங்க."

"என்னது?"

"பத்துக்கு ஆறு. சுண்டுவெரல் இடிக்குது."

சிரிப்பதா என்று தெரியவில்லை.  முட்டிக்கு எப்படி என்று கேட்டேன். முட்டி பற்றி யார் சொன்னது என்று கேட்டாள். செருப்பு சொன்னது என்றேன். "குக்கரு கூப்புடுதுங்க" என்று வைத்துவிட்டாள்.

ஆறு கடை ஏறினேன். நான்கு நாள். அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அதற்கு ஆறு. மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. பதினோரு வருஷம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. நான் அவளுக்குச் செய்தது என்னவென்று இன்றைக்குத்தான் எனக்கு உறைக்கிறது.

ஜனவரி 4, ஞாயிறு

மழை ராத்திரிகளைக் கழித்து முப்பது நாள் முடிந்தது. சராசரி 57 கிராம். குறைந்தது 49, கூடியது 66. கூடாரம் போதுமான அளவு காற்று விடுகிறது. சோதனை முடிந்ததால் மாடியில் படுக்கக் காரணம் இல்லை. படுத்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் வைக்கவில்லை. சரோஜினி அம்மாள் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினார். நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

பிரதீப் பேசினான். "அப்பா, அம்மா வருவாங்கன்னு நெனச்சுட்டு இருக்காதீங்க. வரலைன்னாலும் திட்டாதீங்க."

"நான் எப்படா அவளத் திட்டியிருக்கேன்?"

"அதான்ப்பா. திட்டியிருந்தாக்கூட அம்மாவுக்குப் பரவால்லையா இருந்திருக்கும்."

இவனுக்கு யார் பேசக் கற்றுக்கொடுத்தது. ஆனால் அவன் சொன்னது சரி.

ஜனவரி 22, வியாழன்

மூட்டை கட்டி நிறுத்தேன். 17.2 கிலோ. ஹபீப் வந்து தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், அறுபது வயசுல இது ஆகாது. ரெண்டாவது தூங்கற பை, ஊன்றுகோலு, சாக்ஸு, ரெண்டாவது டார்ச்சு, எல்லாத்தையும் எடுத்துப்போடுங்க. தனியாத்தான போறீங்க?" என்றார்.

"வந்தாலும் வருவா."

 அவர் தோள்பட்டை வாரை இழுத்துச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். நான் எதையும் எடுத்துப்போடவில்லை. வந்து நிற்பவளிடம் உனக்குப் பை கொண்டுவரவில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

ஜனவரி 24, சனி. தோட்டம், சாயங்காலம்

கை விறைக்கிறது, எழுத்து கோணல்.

காலை ஆறரைக்கு வீட்டு கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்து நின்றது. வசந்தாமணி இறங்கினாள். பச்சைச் சேலை, தோளில் ஒரு பை, காலில் அந்த ஷூ.

"ஒரு நாளுதானுங்க" என்றாள், நான் வாய் திறப்பதற்கு முன்பே. "திங்கக்கெழம கொழந்தைக்கு ஊசி. நாளைக்கு ராத்திரி ரயிலுக்குப் போயாகோணும்."

"சுண்டுவிரல்?"

"பஞ்சு வெச்சிருக்கறேன். நடங்க, பஸ்ஸு போயிரும்."

நான்கு கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். ஊன்றுகோலைக் கொடுத்தேன். இரண்டு தடவை தரையில் தட்டிப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டாள். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியபோது, "அத்தன என்னங்க மூட்டையில?" என்று கேட்டாள். "உன்னுது பாதி" என்றேன். கூடாரத்தின் மறுமுனையை அவள் பிடித்தாள். ஒன்பது நிமிடம்.

அரிசிம்பருப்புச் சோறு நான்தான் வைத்தேன். இங்கேயும் அடிப்பிடித்தது. அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, மலையைப் பார்த்தபடி சாப்பிட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை முடிவுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை.

"எத்தன?" என்று கேட்டுவிட்டேன்.

"பசிச்சுது, சாப்புட்டேன். அதுக்கெதுக்குங்க மார்க்கு?"

இன்னொரு கரண்டி கேட்டாள். போட்டேன். காபி விஷயத்தை அப்போது சொன்னேன். "உங்கம்மா காரியம் முடிஞ்சு வந்தப்ப எழுதினது தப்பு. அது மட்டுமில்ல, எல்லாமே தப்பு வசந்தா" என்றேன்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "அன்னிக்குப் பாலு திரிஞ்சு போச்சுங்க" என்றாள். "மறுபடி கடைக்குப் போயி வாங்கியாந்து போட்டேன். அழுதுட்டே போட்டேன். அது உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாது.

ஜனவரி 25, ஞாயிறு

அவள் நன்றாகத் தூங்கினாள். எனக்குத் தெரியும், நான் விழித்திருந்தேன். கம்பளி சாக்ஸ் போட்டிருந்தாள்.

காலையில் கூடாரத்தைத் துடைத்தேன். சின்னத் தராசில் துணியை வைத்ததும் கிட்ட வந்து உட்கார்ந்தாள். "இதென்ன கூத்துங்க?" விஷயத்தைச் சொன்னேன். மாடியில் முப்பது நாள் படுத்ததைச் சொன்னேன். சராசரியைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தராசைக் குனிந்து பார்த்தாள்.

துணியின் எடை போக 118 கிராம்.

மத்தியானம், எதற்கோ மேலே வந்த தோட்டத்து ஜீப்பில் இடம் கேட்டுக் கிளம்பினாள்; இரண்டாவது இரவுக்கு நான் இருந்துவிட்டேன். மூட்டையைப் பிரித்து அவளுடைய தூங்கும் பையை எடுத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னுத நானே வெச்சுக்கறேனுங்க. நீங்க ஏஞ் சொமக்கோணும்" என்றாள். கீழே வளைவுவரை ஜீப் தெரிந்தது.

ஜனவரி 26, திங்கள்

57 கிராம்.

இறங்கும்போது மூட்டை 1.4 கிலோ குறைவு. வழியில் நான்கு இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு இடத்தில் அழுதேன், யாரும் இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

சாயங்காலம் ஏழு மணிக்கு வசந்தா கூப்பிட்டாள். ஊசி போட்டாயிற்று, லேசாகக் காய்ச்சல், பயமில்லை என்றாள். பிறகு கேட்டாள்.

"நேத்துக் காலைல துணி எத்தனைங்க?"

"அம்பத்தேழு."

"முந்தா நேத்து?"

"நூத்திப் பதினெட்டு."

மனக்கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. "அப்ப எனக்கு அறுவத்தொண்ணு. உங்களவிட நாலு சாஸ்தி" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை நாளாகிறது.

"அப்படிச் சொல்ல முடியாது வசந்தா" என்றேன்.  "ஒரு நாள் அளவ வெச்சு எதுவும் சொல்லக்கூடாது. காத்து, குளிரு, எவ்வளவோ இருக்குது. நம்பறதுன்னா முப்பது நாளாச்சும் பாக்கோணும்."

"முப்பது நாளா?"

"முப்பது. மில்லுல அதான் கணக்கு."

 அங்கே பிரஷர் குக்கர் கூப்பிட்டது. பிறகு குழந்தை அழுதது, பெரிதாகவே அழுதது. இதோ வைத்துவிடுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினேன்.

"பாக்கலாங்க" என்றாள்.

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் வைக்கவில்லை.